வேண்டாம் என்பதும் போய்ச் சேரட்டும்

2011 டிசம்பர் 28. வீட்டுக்கு வரும் நாளிதழை நிறுத்தச் சொல்லியிருந்த சுமார் 300 சந்தாதாரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப முடிவு செய்தது நியூயார்க் டைம்ஸ். ‘மனம் மாறித் திரும்பி வாருங்கள், 16 வாரங்களுக்குப் பாதி விலை’ என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. எப்போதோ ஒரு முறை அந்த நாளிதழிடம் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

ஒழுங்காகச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள், ‘நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்’ என்ற வரியைப் பார்த்துப் பதறிப்போய் போன் செய்தார்கள். ‘எங்களுக்கு மட்டும் ஏன் முழு விலை?’ என்று கேட்டவர்களும் உண்டு. குழப்பத்தில் அந்த நாளிதழே முதலில் ‘இது நாங்கள் அனுப்பியதல்ல’ என்று ட்விட்டரில் அறிவித்தது. பிறகுதான் தங்கள் ஊழியர் ஒருவரின் தவறு என்று ஒப்புக்கொண்டது.

அந்த 300 பேர் யார் என்பது நாளிதழின் டேட்டாபேஸுக்குத் தெரியும். கடிதம் அனுப்பும் மென்பொருளும் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. எந்தப் பட்டியல் இங்கிருந்து அங்கே போகிறது என்ற ஒரே இடத்தில்தான் தவறு நடந்தது. இன்று அந்த இடத்தில் மனிதருக்குப் பதிலாக ஒரு தானியங்கி இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. துணிக்கடை முதல் தனிப்பயிற்சி நிலையம் வரை, பதிப்பகம் முதல் மருத்துவமனை வரை, வாடிக்கையாளர் பட்டியலை டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புகிற எல்லோரும் அதை நாடத் தொடங்கிவிட்டார்கள். நாடுவதில் தவறில்லை. எதைச் சரியாகச் செய்தால் அது நம்பகமாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு நாட வேண்டும்.

நோட்டுப் புத்தகத்திலிருந்து இன்பாக்ஸ் வரை

ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பில் போடும் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம்: பெயர், ஊர், செல்பேசி எண், மின்னஞ்சல். ‘புதிய நூல்கள் வந்தால் தெரிவியுங்கள்’ என்று வாசகர்கள் தாங்களாகவே எழுதிவிட்டுப் போகிறார்கள். காட்சி முடிந்ததும் அலுவலகத்தில் ஒருவர் அதையெல்லாம் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். இணையதளத்தில் நூல் வாங்கியவர்களின் விவரம் அங்கே தனி டேட்டாபேஸாக இருக்கிறது. மாதம் ஒருமுறை இரண்டையும் எக்செலில் இறக்கி, ஒன்றாக ஒட்டி, மின்னஞ்சல் அனுப்பும் சேவையில் ஏற்றுவார்கள்.

இந்த எக்செல் கட்டத்தைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். நாட்டுக் குறியீடான 91 சேர்த்து எழுதிய 12 இலக்கச் செல்பேசி எண்ணை எக்செல் ஒரு பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு 9.19877 என்று ஆரம்பித்து அடுக்குக்குறி வடிவத்தில் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் புரியாத குறிகள் வரிசை கட்டி நிற்கும். இவற்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். ஜனவரியில் பெயர் எழுதிக் கொடுத்தவருக்கு முதல் கடிதம் மார்ச்சில் போகும். அதற்குள் அவர் அந்தப் பதிப்பகத்தின் பெயரையே மறந்திருப்பார், ‘யார் இவர்கள்?’ என்று ஸ்பேம் பொத்தானை அமுக்கிவிடுவார்.

இந்த இடைவெளியை மூடத்தான் வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன் என்ற துறை வளர்ந்தது. தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி, அவற்றுக்குள்ளான உறவுகளின் வழியே கேள்வி கேட்கலாம் என்று ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரைதான் இன்றைய டேட்டாபேஸ்களுக்கு வேர். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் மெயில்சிம்ப் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2001-ல் தொடங்கியது. 2021-ல் அதை இன்ட்யூட் நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. இரு முனைகளும் இப்படித் தனித்தனியாக வளர்ந்தன. இரண்டையும் கோக்க நெடுநாள் ஒரு புரோகிராமர் தேவைப்பட்டார். 2011-ல் தொடங்கிய சேப்பியர், ப்ராக் நகரில் இன்டெக்ரோமேட்டாகப் பிறந்து 2022-ல் மேக் என்று பெயர் மாற்றிக்கொண்ட சேவை, 2019-ல் பெர்லினிலிருந்து வந்த என்8என் ஆகியவை அந்த வேலையை அலுவலக ஊழியரே செய்யும்படி எளிதாக்கின.

நமக்கு அருகிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, சென்னையிலும் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகங்களோடு வளர்ந்த ஸோஹோ, மூன்று முனைகளையும் தானே தயாரிக்கிறது. தகவலை வைக்க ஸோஹோ கிரியேட்டர், கடிதம் அனுப்ப ஸோஹோ கேம்பெய்ன்ஸ், இரண்டையும் கோக்க ஸோஹோ ஃப்ளோ. உலகெங்கும் சிறு நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு கருவி தென்காசியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது தமிழர்களுக்குப் பெருமைதான்.

இணைப்பு எப்படி ஓடுகிறது?

எந்தக் கருவியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு நிகழ்வு நடக்கிறது. அதை ட்ரிக்கர் என்கிறார்கள். டேட்டாபேஸில் புதிதாக ஒரு வரிசை சேர்வது அப்படிப்பட்ட நிகழ்வு. அடுத்து ஒரு சல்லடை: ‘கடிதம் அனுப்பச் சம்மதம்’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ இருக்கிறதா? இருந்தால் மட்டும் அடுத்த கட்டம். அங்கே டேட்டாபேஸின் ‘பெயர்’ கட்டம் மின்னஞ்சல் சேவையின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும், ‘ஊர்’ எங்கே போக வேண்டும் என்று பொருத்துகிறோம். கடைசியில் செயல்: பட்டியலில் சேர், இன்ன டேக் போடு, வரவேற்புக் கடிதத்தை அனுப்பு.

நிகழ்வு நடந்தது இணைப்புக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழிகள். ஒன்று, இணைப்பே அவ்வப்போது போய் ‘புதிதாக ஏதாவது உண்டா?’ என்று கேட்பது. சேப்பியரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். பணம் கட்டினால் இன்னும் அடிக்கடி. மற்றொன்று, டேட்டாபேஸ் பக்கத்திலிருந்தே ‘இதோ வந்துவிட்டது’ என்று தகவல் தள்ளப்படுவது. அதற்கு வெப்ஹுக் என்று பெயர். புத்தகக் காட்சிப் பட்டியலுக்கு 15 நிமிடம் தாராளம். பணம் கட்டிய உடனே ரசீது போக வேண்டும் என்றால் வெப்ஹுக்தான் சரி.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையில் ஒரு முக்கியமான குறை உண்டு. அது புதிய வரிசையைப் பார்க்கும். ஏற்கெனவே பார்த்த எண்ணுள்ள வரிசையை விட்டுவிடும். வாசகர் ஒருவர் போன் செய்து, ‘என் மின்னஞ்சல் முகவரியைத் தவறாக எழுதிவிட்டீர்கள்’ என்கிறார். அலுவலகத்தில் அதே வரிசையைத் திருத்துகிறார்கள். வரிசை எண் மாறவில்லை. அதனால் இணைப்பு அசையாது. கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு அட்டவணையிலும் ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்று ஒரு கட்டம் வைத்து, அதை வைத்துத் தேட வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துகிறார்கள்.

வரிசையையே அழித்துவிட்டாலோ? அப்போது கேட்பதற்கு எதுவுமே இல்லை. இல்லாத ஒன்றை இணைப்பு பார்க்க முடியாது. ‘என் விவரங்களை நீக்குங்கள்’ என்று கேட்டவரை டேட்டாபேஸிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதியாக இருப்போம். மின்னஞ்சல் சேவையின் பட்டியலில் அவர் இன்னும் இருப்பார். அதனால் வரிசையை உடனே அழிக்காமல் ‘நீக்கக் கோரினார்’ என்று குறியிட்டு, அந்தக் குறி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அழிப்பதே முறை.

ஒருவர் இரண்டு முறை வந்தால் இரண்டு பேராகிவிடக் கூடாது என்பதும் கவனிக்க வேண்டியது. மெயில்சிம்ப் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். மின்னஞ்சல் முகவரியை முழுவதும் சிறிய எழுத்தாக்கி, எம்டி5 என்ற கணக்கின் வழியாக ஓர் அடையாளக் கோவையை உண்டாக்குகிறது. அதுவே அந்த நபரின் எண். பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஆள் ஒருவர்தான். ‘இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து’ என்று ஒரே கட்டளையில் சொல்லலாம். ‘புதியவராக இருந்தால் மட்டும் இந்த நிலையைக் கொடு’ என்று தனியாகச் சொல்லவும் இடமுண்டு. அந்த ‘மட்டும்’ ஏன் இத்தனை அவசியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ்ப் பெயருக்கு ஏற்ற கட்டம் இல்லை

இந்தச் சேவைகளில் பெரும்பாலானவை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒருவர் தன் பெயரை ‘மு. செல்வி’ என்று எழுதுவார். இணைப்பில் ‘இடைவெளி வரும் இடத்தில் பிரி’ என்று ஒரு கட்டளை கொடுத்திருப்பார்கள். முதல் பெயர் ‘மு.’ ஆகிவிடும். ‘அன்புள்ள மு.’ என்று கடிதம் தொடங்கும். பெறுபவருக்குச் சிரிப்பு வரலாம். தன்னைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கத் தெரியாத நிறுவனம் என்ற எண்ணமும் சேர்ந்தே வரும், அதுதான் நஷ்டம். இனிஷியலைப் பின்னால் எழுதுபவர்களும் உண்டு, முன்னால் இரண்டு எழுத்து வைப்பவர்களும் உண்டு. எந்தச் சூத்திரமும் எல்லோருக்கும் ஒத்துவராது. ‘கடிதத்தில் உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று படிவத்திலேயே ஒரு கேள்வி வைத்து, அதைத் தனிக் கட்டமாகச் சேமிப்பதுதான் என் பார்வையில் ஒரே நல்ல வழி.

எழுத்துரு விஷயமும் இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் பல அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. திரையில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கும் நிறுத்தற்குறிக்கும் உரிய எண்கள். இணைப்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய், வாசகரின் இன்பாக்ஸில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிவிடும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அட்டவணை பழைய லத்தீன் குறியாக்கத்தில் இருந்தால் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அப்படிப் போனவற்றை மீட்கவே முடியாது. யுடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கத்தை முதல் நாளே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

பிறந்தநாள் வாழ்த்தும் இப்படித்தான் தடுமாறும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜூன் 12 நள்ளிரவு 12 மணி என்று நாம் பதிந்தால், பொது நேரக் கணக்கில் அது ஜூன் 11 மாலை 6.30. இணைப்பின் அமைப்பில் நேர மண்டலத்தைக் கவனிக்காமல் விட்டால் வாழ்த்து ஒருநாள் முன்னதாகவே போய்விடும். பிறந்த தேதி போன்றவற்றை நேரம் இல்லாமல் வெறும் தேதியாக மட்டும் சேமித்தால் இந்தத் தொல்லை வராது.

திரும்பி வரும் வழி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம்: டேட்டாபேஸிலிருந்து மின்னஞ்சலுக்கு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. புதியவர்கள் தானாகப் பட்டியலில் சேர்கிறார்கள், வேலை முடிந்தது என்கிறார்கள். என் அக்கறையெல்லாம் இனிமேல் சொல்லப்போவதில்தான்.

வாசகர் கடிதத்தின் அடியில் உள்ள ‘விலகுகிறேன்’ என்ற இணைப்பை அழுத்துகிறார். மின்னஞ்சல் சேவை அவரை உடனே விலக்கிவிடுகிறது. ஆனால் பதிப்பகத்தின் டேட்டாபேஸில் அவர் பெயருக்கு எதிரே இன்னும் ‘சம்மதம்: ஆம்’ என்றுதான் இருக்கிறது. அடுத்த மாதம் அவர் ஒரு நூல் வாங்குகிறார். வரிசை மாறுகிறது, இணைப்பு ஓடுகிறது, ‘ஆம்’ என்பதை எடுத்துக்கொண்டு போய் அவரை மறுபடி பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறது. முன்பு சொன்ன ‘புதியவராக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை இங்கேதான் காப்பாற்றுகிறது. விலகிப் போனவரை அவருடைய நேரடி ஒப்புதல் இல்லாமல் மீண்டும் சேர்க்க மெயில்சிம்ப் மறுத்துவிடும். எல்லாக் கருவிகளும் அப்படி மறுப்பதில்லை. மின்னஞ்சல் சேவையை மாற்றினால் கதை இன்னும் மோசம்: விலகியவர்கள் பட்டியல் பழைய சேவையோடு தங்கிவிடும், டேட்டாபேஸிலிருந்து புதிய சேவைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ‘ஆம்’ சொன்னவர்களாகத்தான் போவார்கள்.

இதற்காக அபராதம் கட்டியவர்கள் உண்டு. பிரிட்டனில் ஃப்ளைபி விமான நிறுவனம் 2016 ஆகஸ்டில், ‘உங்கள் விவரங்கள் சரியா?’ என்று கேட்டு 33 லட்சம் மின்னஞ்சல்களை அனுப்பியது. அவை போனது, விளம்பரக் கடிதம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவர்களுக்கு. 2017 மார்ச்சில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 70,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே சமயத்தில் ஹோண்டாவின் ஐரோப்பிய நிறுவனத்துக்கும் 13,000 பவுண்டு. டேட்டாபேஸில் சம்மதம் உண்டா, இல்லையா என்ற குறிப்பே இல்லாத 2,89,790 பேருக்குக் கடிதம் அனுப்பியது அதன் குற்றம். சம்மதக் கட்டம் காலியாக இருந்தால் அதை ‘இல்லை’ என்றுதான் படிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி 2023-ல் 35.5 லட்சம் டாலர் கட்டியது. அதன் 6.5 கோடிக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் விலகும் வழி முறையாக இல்லை. பெரும்பாலானவற்றில் விலகவே லாகின் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே 17 கோடிக்கும் மேற்பட்ட செய்திகளுக்காக அதே வங்கி மறுபடி 75 லட்சம் டாலர் கட்டியது. விலகுவதற்கான வழியே இல்லாமல் அவை அனுப்பப்பட்டிருந்தன.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் திரும்பப் பெறப்பட்டால் நிறுவனம் தான் நிறுத்தினால் மட்டும் போதாது. தன் சார்பில் தரவைக் கையாளுபவர்களையும் நிறுத்தச் செய்ய வேண்டும். மின்னஞ்சல் சேவையும் இடையில் உள்ள இணைப்புச் சேவையும் அந்த வகையில் வந்துவிடுகின்றன. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் இதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அவகாசம் இருக்கும்போதே வழியைச் சீர்செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

சட்டத்தைவிடக் கண்டிப்பானவர்கள் ஜிமெயிலும் யாகூவும். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர் கோபப்பட்டாலே போதும், மீதி 997 பேருக்கும் கடிதம் ஒழுங்காகச் சேராமல் போகலாம். வேண்டாம் என்றவருக்கு விடாமல் அனுப்பி யாரும் எதையும் விற்றுவிடப் போவதில்லை. வேண்டும் என்றவருக்கும் போகாமல் போவதுதான் மிச்சம்.

எனவே இணைப்பு ஒன்றல்ல, இரண்டு வேண்டும். விலகல், திரும்பி வந்த கடிதம், ஸ்பேம் புகார் ஆகிய மூன்று நிகழ்வுகளையும் மின்னஞ்சல் சேவையிலிருந்து வெப்ஹுக் மூலம் பிடித்து, டேட்டாபேஸில் அந்த நபரின் வரிசையில் எழுத வேண்டும். வெறும் ‘இல்லை’ என்று மாற்றுவதோடு எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்த வரிசையை எந்தச் சேவையோடு இணைத்தாலும் ‘இல்லை’ கூடவே போகும்.

இரண்டு பக்கமும் இணைத்தவுடன் ஒரு சிக்கல் முளைக்கும். டேட்டாபேஸ் மாறினால் மின்னஞ்சல் பட்டியல் மாறும்; பட்டியல் மாறினால் டேட்டாபேஸ் மாறும்; மறுபடி முதலிலிருந்து. இரண்டு இணைப்புகளும் ஒன்றையொன்று ஓயாமல் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். செயலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவையாக இருந்தால் மாத ஒதுக்கீடு ஒரே இரவில் தீர்ந்துவிடும். எந்தத் தகவலுக்கு எந்தப் பக்கம் எஜமான் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் இது நடக்காது. பெயர், ஊர், வாங்கிய நூல்கள் ஆகியவற்றுக்கு டேட்டாபேஸ் எஜமான். ‘கடிதம் வேண்டுமா’ என்பதற்கு வாசகர் கடைசியாக எந்தப் பக்கத்தில் பதில் சொன்னாரோ அந்தப் பக்கம் எஜமான்.

ஒரு கட்டம் கூடுதலாக

லண்டனைச் சேர்ந்த ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற பூ விற்பனை நிறுவனம் 2019-ல் தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: அன்னையர் தினம் பற்றிய கடிதங்கள் மட்டும் உங்களுக்கு வேண்டாமா? தாயை இழந்தவர்கள் இருப்பார்கள். குழந்தைக்காகக் காத்திருந்து மனம் நொந்தவர்கள் இருப்பார்கள். ‘உங்கள் அம்மாவை மறந்துவிடாதீர்கள்’ என்ற வரி அவர்களுக்கு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட 18,000 பேர் ‘எங்களுக்கு அது மட்டும் வேண்டாம்’ என்று பதில் சொன்னார்கள். பலர் நன்றி சொல்லி எழுதினார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தில்கூட அது பேசப்பட்டது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது மிகச் சிறிய வேலை. டேட்டாபேஸில் ஒரு கட்டம் கூடுதல். இணைப்பில் ஒரு சல்லடை கூடுதல். எல்லாம் வேண்டும் அல்லது எதுவுமே வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் யோசித்ததுதான் அங்கே பெரிய விஷயம். நம் ஊரில் தீபாவளித் தள்ளுபடிக் கடிதம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போகிறது. அந்த ஆண்டு வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் அங்கே பண்டிகை இல்லை. ‘இந்த ஆண்டு பண்டிகைக் கடிதம் வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் வைக்க எந்த ஜவுளிக்கடைக்கும் பெரிதாகச் செலவாகாது. ஏன் இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சாவி யாரிடம்?

இணைப்புச் சேவைக்கு டேட்டாபேஸின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறோம். பலரும் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியின் கணக்கையே கொடுத்துவிடுகிறார்கள். இது வேண்டாத விபரீதம். இணைப்புக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான அட்டவணையைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். விலகலையும் அதன் தேதி, காரணத்தையும் எழுத வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் எழுதும் அனுமதி போதும். அட்டவணை முழுவதையும் காட்டாமல், பெயர், மின்னஞ்சல், சம்மதம் போன்ற தேவையான கட்டங்கள் மட்டும் உள்ள ஒரு ‘வியூ’வைக் காட்டினால் இன்னும் நல்லது. செல்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் மின்னஞ்சல் சேவைக்கு எதற்கு?

பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் ட்ரிஃப்ட் என்ற இணைப்பின் அனுமதிச் சாவிகளைத் திருடியவர்கள், அவற்றைக் கொண்டே நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் மேலாண்மைச் சேவையில் வைத்திருந்த தரவுகளுக்குள் புகுந்தார்கள். கிளவுட்ஃப்ளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் அதில் தப்பவில்லை. வாசல் கதவை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும், இணைப்பிடம் கொடுத்த சாவி களவு போனால் போனதுதான். பயன்படுத்தாத இணைப்புகளை உடனே ரத்து செய்யுங்கள். வேலையை விட்டுப் போன ஊழியரின் பெயரில் ஓடும் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது.

சோதனை செய்யும்போதும் நிதானம் வேண்டும். 2021 ஜூன் 17 இரவு, ஹெச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு ‘இன்டெக்ரேஷன் டெஸ்ட் ஈமெயில் #1’ என்ற தலைப்பில் ஒரு வெற்றுக் கடிதம் வந்தது. ஒரு பயிற்சி ஊழியர் செய்தது என்று நிறுவனம் சொன்னது. உலகமே அந்த ஊழியருக்கு ஆறுதல் சொல்லி எழுதியது. பயிற்சி ஊழியர் ஒருவரால் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலுக்குச் சோதனைக் கடிதம் அனுப்ப முடிந்தது என்றால், பொறுப்பு அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்களுடையது. சோதனைக்கென்று உங்கள் அலுவலகத்தினரின் முகவரிகள் மட்டும் உள்ள தனிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரே ஓட்டத்தில் 50 பேருக்கு மேல் போகுமானால் நிறுத்து, என்னிடம் கேள்’ என்று இணைப்பிலேயே ஒரு கட்டுப்பாடும் வைக்கலாம். 300 பேருக்கான கடிதம் 80 லட்சம் பேருக்குப் போனதை அப்படி ஒரு கட்டுப்பாடு தடுத்திருக்கும்.

எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: மாதம் சில நூறு பேர் மட்டுமே புதிதாகச் சேரும் இடத்துக்கு எதுவானாலும் சரி. சொந்தமாக சர்வர் வைத்துப் பராமரிக்க ஆள் இருந்தால் என்8என்னை அதில் நிறுவிக்கொள்ளலாம். தரவு உங்கள் கையிலேயே இருக்கும். ஆள் இல்லையென்றால் அந்த ஆசை வேண்டாம், பணம் கட்டி ஆயத்தமாக உள்ள சேவையை எடுங்கள். எதை எடுத்தாலும், இணைப்பு நின்றுபோனால் அந்தத் தகவல் ஒரு மனிதரின் செல்பேசிக்கு வரும்படி செய்துவிடுங்கள். சத்தமில்லாமல் நின்றுபோன இணைப்பை மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் சொந்த மின்னஞ்சலை உங்கள் பட்டியலில் சேருங்கள். ஒரு கடிதம் வரட்டும். அதன் அடியில் உள்ள ‘விலகுகிறேன்’ என்பதை அழுத்துங்கள். மறுநாள் டேட்டாபேஸைத் திறந்து உங்கள் வரிசையைப் பாருங்கள். அங்கே இன்னும் ‘சம்மதம்: ஆம்’ என்று இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை அடுத்த கடிதத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.